ரீபில்டு 37-இல் நிற்கிறது என்றால் புது டிஸ்கைத் திட்டாதீர்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். 2012-இல் வாங்கிய டவர் சர்வர், ரெய்டு கார்டு (டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் அட்டை) போட்டது, நான்கு 1 டெராபைட் சாட்டா டிஸ்க், ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றை வைத்து டேட்டாவைத் திரும்பக் கண்டுபிடிக்கும் அமைப்பு. செவ்வாய்க்கிழமை ஒரு டிஸ்கில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கடையில் புது டிஸ்க் வாங்கி மாட்டினார்கள், ரீபில்டு (போன டிஸ்கின் டேட்டாவைப் புது டிஸ்கில் மறுபடி எழுதுவது) ஓடி 37 சதவீதத்தில் நின்றுவிட்டது. கழற்றி மறுபடி மாட்டினார்கள், மறுபடி 37. கடைக்காரர் நல்ல மனுஷன், டிஸ்கையே மாற்றிக் கொடுத்தார், அதுவும் 37. இப்போது பக்கத்து டிஸ்கிலும் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது, சர்வர் நகர மறுக்கிறது. டேலி, சம்பள புரோகிராம், பவர்டேபிள் (தையல்) பீஸ் ரேட் கணக்கு எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது, சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்குவதா, இல்லை யாரோ சொன்னபடி அர்ரேயை (நான்கு டிஸ்கும் சேர்ந்த தொகுப்பை) இனிஷியலைஸ் பண்ணிவிடுவதா என்று கேட்கிறார்.

இனிஷியலைஸ் பண்ணாதீர்கள். அது ரிப்பேர் இல்லை, அழிப்பு. அந்த யோசனை சொன்னவரைச் சர்வர் பக்கம் விடாதீர்கள், டீ வாங்கிக் கொடுத்துத் தாட்டி விடுங்கள். மூன்றாவது டிஸ்கும் வேண்டாம், குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம்.

மூன்று தடவையும் 37 என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. இரண்டு வேறு வேறு புது டிஸ்கும் ஒரே இடத்தில் கெட்டுப்போகாது. ரீபில்டு என்றால் என்ன நடக்கிறது என்று கணக்குப் பார்ப்பவருக்குச் சொல்வது சுலபம். மூன்று தொகை, பக்கத்தில் கூட்டுத்தொகை. ஒரு தொகை மேல் மை கொட்டிவிட்டால் கூட்டுத்தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். ரெய்டு 5 செய்வதும் கிட்டத்தட்ட அதுதான், ஒவ்வொரு வரியாக, டிஸ்கின் முதல் செக்டரிலிருந்து (செக்டர் என்றால் டிஸ்கின் ஒரு சின்னத் துண்டு) கடைசி செக்டர் வரை. ஆனால் அதற்கு மிச்சம் இருக்கும் மூன்று டிஸ்கும் எல்லா வரியையும் பிழையில்லாமல் படித்துக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு 37 சதவீதத்தில், அதாவது சுமார் 370 ஜிபி தாண்டும் இடத்தில், பழைய டிஸ்க் ஒன்றில் படிக்க முடியாத செக்டர் இருக்கிறது. அங்கே இரண்டாவது தொகை மேலும் மை கொட்டியிருக்கிறது, கார்டு என்ன செய்யும்? சில கார்டு அப்படியே நின்றுவிடும், சில கார்டு அந்த இடத்தைக் கெட்டது என்று புது டிஸ்கிலும் குறித்துவிட்டு மேலே போகும். இந்த இரண்டாவது வகை இன்னும் மோசம். ரீபில்டு 100 சதவீதம் முடிந்தது, பச்சை விளக்கு, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று காட்டும். ஆறு மாதம் கழித்து ஒரு ஃபைலைத் திறந்தால் திறக்காது. புது டிஸ்கை எத்தனை தடவை மாற்றினாலும் அந்தக் குறி போகாது, அர்ரேயை அழித்து மறுபடி உருவாக்கி பேக்கப்பிலிருந்து ஏற்றினால்தான் போகும்.

அந்தச் செக்டர் இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்றால், அந்த இடத்தை யாரும் படிக்கவில்லை. 2014 வருஷத்து ஸ்டைல் போட்டோ ஏதாவது கிடக்கும், ஷிப்மெண்ட் போனதோடு சரி. சாதாரண சாட்டா டிஸ்குகளின் விவரத் தாளில் 1-க்குப் பின்னால் 14 சைபர் போட்ட எண்ணிக்கை பிட் படித்தால் ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டெராபைட். உங்கள் ரீபில்டு ஒரே மூச்சில் 3 டெராபைட் படிக்கிறது, அதுவும் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இரவு பகல் சுற்றிய டிஸ்கில். புது டிஸ்க் உண்மையில் அந்தத் தாளில் சொன்னதைவிட நன்றாகவே நடந்துகொள்ளும், கிழட்டு டிஸ்க் நடந்துகொள்ளாது. இதற்காகத்தான் கார்டுகளில் பேட்ரோல் ரீட் என்று ஒன்று இருக்கிறது, சும்மா இருக்கும் நேரத்தில் எல்லா இடத்தையும் படித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் திறந்து பார்த்த பழைய சர்வர்களில் பாதிக்கு மேல் யாரோ அதை நிறுத்தி வைத்திருந்தார்கள், வேகம் குறைகிறது என்று.

ஊகத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், உறுதி பண்ண வழி இருக்கிறது. கார்டுக்கான மேனேஜ்மெண்ட் சாஃப்ட்வேரைத் திறந்து ஈவெண்ட் லாகைச் சேமித்து எடுங்கள். உங்கள் கார்டு மெகாரெய்டு வகை என்றால் அதைச் செய்த பழைய கம்பெனி எல்எஸ்ஐ பெயரில் தேடி அலையாதீர்கள், எல்எஸ்ஐயை 2014-இல் அவாகோ வாங்கியது, அவாகோ 2016-இல் பிராட்காம் ஆனது, அதனால் சாஃப்ட்வேர் எல்லாம் இப்போது பிராட்காம் கணக்கில் இருக்கும். லாகில் ரீபில்டு நின்ற நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். 3/11/00 என்று ஓர் எண் இருக்கும். சாஸ், ஸ்கஸி என்ற சர்வர் டிஸ்க் இணைப்பு முறைகளின் உலகத்தில் அதற்கு அர்த்தம், டிஸ்கின் பரப்பில் படிக்க முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை. அந்த வரியிலேயே டிஸ்க் எண்ணும் இருக்கும். அது புது டிஸ்கின் எண்ணாக இருக்காது, மின்னுகிறதே அந்தப் பழைய டிஸ்கின் எண்ணாக இருக்கும். இன்னொன்றும் பாருங்கள். ஒவ்வொரு டிஸ்குக்கும் மீடியா எரர், அதர் எரர் என்று இரண்டு எண்ணிக்கை காட்டும். மீடியா எரர் ஏறியிருந்தால் டிஸ்க் போகிறது. மீடியா சைபராக இருந்து அதர் மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள், கேபிள், பேக்பிளேன் (டிஸ்குகள் செருகும் பலகை), டிரே சரியாக உட்காராதது, இப்படி ஏதாவது.

இதே பிரச்சினை வேறு யாருக்காவது வந்து, நிற்கும் சதவீதம் ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தால், ஒரு தடவை 12, ஒரு தடவை 58 என்று, கதை வேறு. சோமனூர் பக்கம் ஒரு தறிக்காரர் ஆபீசில் அப்படித்தான் ஆனது. ராத்திரியில் ரீபில்டு நன்றாக ஓடும், காலையில் தறி ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இரண்டு பவர் சப்ளையில் ஒன்று எப்போதோ செத்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மிச்சம் இருந்த ஒன்று வயசானது, யுபிஎஸ் பேட்டரியும் அப்படியே. வோல்டேஜ் இறங்கினால் நான்கு டிஸ்கும் முழு வேகத்தில் ஓடும் அந்த நேரத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. டிஸ்க் மூன்று மாற்றியிருந்தார்கள், மூன்றும் நல்ல டிஸ்க்.

அப்புறம் உங்கள் ஊருக்கே உரிய ஒன்று, பஞ்சு. சர்வரின் முன்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். நிட்டிங் யூனிட்டுக்குப் பக்கத்து அறையில் இருந்த ஒரு சர்வரின் முன்பக்கத்தை நான் பிரஷ்ஷால் தொட்டதும் பஞ்சு பொடியாக உதிரவில்லை, ஃபெல்ட் துணி மாதிரி ஒரே தகடாக உரிந்து வந்தது, அதில் ஒவ்வொரு டிரேயின் ஓட்டையும் அச்சாகப் பதிந்திருந்தது. உள்ளே டிஸ்க் வெப்பம் 58 டிகிரி. ஆனால் நீங்கள் இன்றைக்கு அதைச் சுத்தம் செய்யப் போகாதீர்கள், குறிப்பாக ப்ளோயர் போடாதீர்கள். டேட்டாவை வெளியே காப்பி எடுத்து முடிகிறவரை அந்தப் பெட்டியை அசைக்காமல், அறைக்கு ஏசி இருந்தால் கூட்டி வைத்துவிட்டு, கதவைச் சாத்துங்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது. சர்வர் மெதுவாகவாவது ஓடுகிறது என்கிறீர்கள், அந்த உயிர் இருக்கும்போதே டேட்டாவை வெளியே எடுக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், வயசான டிஸ்க் நின்றுவிட்டு மறுபடி சுற்றாமலே போகலாம். ரீபில்டு ஓடிக்கொண்டிருந்தால் சாஃப்ட்வேரிலேயே நிறுத்திவிட்டுப் புது டிஸ்கை வெளியே எடுத்து வையுங்கள். ரீபில்டு ஓட ஓட, சாகக் கிடக்கும் டிஸ்கைத்தான் அடிக்கிறது. செக்டிஸ்க் (விண்டோசின் டிஸ்க் திருத்தும் கருவி) ஓட்டவே வேண்டாம். ஓட்டை விழுந்த கணக்கு நோட்டில் அது பக்கங்களைச் சேர்த்துத் தைக்கப் பார்க்கும், அப்புறம் எது உண்மை என்று பிரிக்க முடியாது.

எல்லோரையும் டேலியிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். முதலில் டேலி டேட்டா, அந்த எண் பெயரில் இருக்கும் ஃபோல்டர்கள். எத்தனை வருஷத்துக் கணக்கானாலும் மொத்தம் சில ஜிபிதான் இருக்கும். அடுத்தது சம்பள புரோகிராமின் டேட்டாபேஸ், அதை அந்தப் புரோகிராமின் பேக்கப் வழியாகவே எடுங்கள். பேக்கப் பாதியில் நின்றால் டேட்டாபேஸ் சர்வீஸை நிறுத்திவிட்டு ஃபைலையே காப்பி எடுங்கள். இவை இரண்டும் இரண்டு தனித்தனி இடத்துக்குப் போக வேண்டும், ஒரு யுஎஸ்பி டிஸ்க், ஒரு லேப்டாப். போன பிறகு லேப்டாப்பில் டேலியைப் போட்டுத் திறந்து, போன வாரச் சம்பள வவுச்சர் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பார்த்த பிறகுதான் மற்றது. ஸ்டைல் போட்டோ, டெக்பேக், பழைய மெயில், இவை கடைசி.

மொத்தமாக எடுக்கும்போது எக்ஸ்புளோரரில் இழுத்துப் போடாதீர்கள், ஒரு ஃபைல் படிக்காவிட்டால் மொத்தமும் நின்றுவிடும். ரோபோகாப்பி பயன்படுத்துங்கள், விண்டோசிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம், அது ஒரு ஃபைலைப் படிக்க முடியவில்லை என்றால் தானாகவே 10 லட்சம் தடவை, தடவைக்கு 30 விநாடி காத்திருந்து முயலும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஃபைலுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம், அடுத்த தீபாவளி போனஸ் வந்துவிடும். முயற்சியை 1 என்றும் காத்திருப்பை 1 விநாடி என்றும் மாற்றி, லாக் ஃபைல் எழுதச் சொல்லி ஓட விடுங்கள். எந்தெந்த ஃபைல் வரவில்லை என்று அந்த லாகில் பட்டியல் கிடைத்துவிடும். பெரும்பாலும் நான்கைந்து ஃபைல்தான் இருக்கும், ஒருவருக்கும் வேண்டாத ஃபைலாகவே இருக்கும். சம்பளத்தை இந்த வாரம் அந்த லேப்டாப்பிலிருந்தே போட்டுவிடுங்கள்.

வேண்டிய ஃபைல் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டால் மட்டும் இன்னொரு படி இருக்கிறது, அதைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். மின்னும் டிஸ்கை, சர்வரை நிறுத்திய பிறகு, ரெய்டு கார்டு இல்லாத சாதாரண கம்ப்யூட்டரில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் வேறொரு டிஸ்குக்கு அச்சு அசலாக நகல் எடுப்பது. அது முதலில் சுலபமாக வருவதையெல்லாம் அள்ளிக்கொண்டு, கஷ்டமான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும், எது வரவில்லை என்று வரைபடமும் எழுதி வைக்கும். நகல் டிஸ்க் அதே அளவாக, செக்டர் எண்ணிக்கை உட்பட ஒன்றாக இருப்பது நல்லது. இந்தக் கார்டுகள் தங்கள் குறிப்பை டிஸ்கின் கடைசியில் எழுதுகின்றன, பெரிய டிஸ்கில் அந்தக் குறிப்பு நடுவில் போய் உட்கார்ந்துவிடும், கார்டு தேடும் இடத்தில் இருக்காது. நகலில் படிக்க முடியாத இடங்கள் வெறுமையாக இருக்கும், ஆனால் கார்டுக்கு அது தெரியாது, நல்லது என்று நம்பி ரீபில்டை முடித்துவிடும். அதனால் வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த ஃபைல் பாதித்தது என்று பார்த்தே ஆக வேண்டும்.

புது டிஸ்க் மேல் தப்பே இருக்காது என்று சொல்ல வரவில்லை. உங்கள் விஷயத்தில் இல்லை, அவ்வளவுதான். 1 டெராபைட் டிஸ்க் என்றால் வழக்கமாக 1,953,525,168 செக்டர். சில டெஸ்க்டாப் மதர்போர்டுகள் தங்கள் பயாஸ் (போர்டை எழுப்பும் புரோகிராம்) நகலை வைக்க டிஸ்கின் கடைசியிலிருந்து 2,113 செக்டரைத் திருடிக்கொள்ளும். கடையில் டெஸ்ட் பண்ணித் தருகிறேன் என்று அப்படி ஒரு போர்டில் மாட்டிப் பார்த்துக் கொடுத்தால், அந்த 1 எம்பி குறைவதற்காகக் கார்டு டிஸ்கையே ஏற்காது, ரீபில்டு ஆரம்பிக்கக்கூட செய்யாது. பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றி விற்கும் சாஸ் டிஸ்குகளில் செக்டர் 512-க்குப் பதில் 520 பைட்டாக இருக்கும், 512-க்கு மறுபடி ஃபார்மேட் பண்ணினால்தான் கார்டு சேர்க்கும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். டிஸ்க் சுற்றவே இல்லையா? 2016-இல் வந்த சாட்டா 3.3-இல் மூன்றாவது பவர் பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள், பழைய பவர் சப்ளை அந்தப் பின்னில் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் சில புது டிஸ்குகள் எழுந்திருக்காது. இதைத் தெரியாமல் நல்ல டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

விலை குறைவு என்று வாங்கும் டிஸ்கில் எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். ஓட்டுக்கூரை மாதிரி ஒரு டிராக் மேல் இன்னொன்று ஏறி எழுதுவது, தொடர்ந்து எழுதினால் மூச்சுத் திணறும், ரீபில்டு நாள் கணக்கில் இழுக்கும், கார்டு பொறுமை இழந்து டிஸ்கைத் தூக்கி எறியும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை எஸ்எம்ஆர் இருந்தது வெளியே தெரிந்து பெரிய சண்டையானது, அதற்குப் பிறகுதான் பழைய வகைக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. பழையதைப் புதுசு என்று விற்பதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பிடிபட்டது இப்படித்தான். சீகேட் டிஸ்குகள் ஓடிய மணிக்கணக்கை விற்றவர்கள் சைபராக்கியிருந்தார்கள், ஆனால் ஃபார்ம் என்ற உள் லாகில் உண்மையான கணக்கு அப்படியே இருந்தது. டிஸ்க் நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் கருவி, 7.4 முதல் அதைப் படிக்கும். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வேறு சர்வரில் இருந்து வந்தது என்றால் கார்டு அதை ஃபாரின் (வேறு அர்ரேயின் டிஸ்க்) என்று காட்டும். அந்த டிஸ்குக்கு மட்டும் கிளியர் (பழைய குறிப்பை அழிப்பது) கொடுங்கள், இம்போர்ட் (பழைய குறிப்பை அப்படியே ஏற்பது) கொடுத்தால் அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் உங்கள் வீட்டில் நடக்கும்.

ஸ்லாட் எண் பற்றி ஒரு வார்த்தை. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் ஸ்லாட் 2 கெட்டது என்று லாக் சொன்னது. கூட வந்த பையன் மேலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி இரண்டாவதை உருவிவிட்டான். கார்டு சைபரிலிருந்து எண்ணும். ரெய்டு 5-இல் ஒன்று ஏற்கெனவே போய், இன்னொன்றையும் நாமே உருவினால் என்ன ஆகும், ஏலம் நடக்கும் நேரத்தில் திரை கறுப்பாகிவிட்டது. சர்வரை நிறுத்தி, உருவியதை அதே ஸ்லாட்டில் வைத்து, ஆன் செய்ததும் ஃபாரின் என்று கேட்டது, அங்கே இம்போர்ட்தான் சரி, எழுந்துகொண்டது. நான் முதலில் கெட்ட டிஸ்கை வெளியே வைத்துவிட்டுத்தான் ஆன் செய்தேன். முதலில் வெளியே போன டிஸ்கில் பழைய கணக்குதான் இருக்கும், அதைக் கட்டாயப்படுத்தி ஆன்லைன் கொண்டுவந்தால் நேற்றைய பக்கமும் இன்றைய பக்கமும் கலந்துவிடும். எந்த டிஸ்கையும் உருவுமுன் சாஃப்ட்வேரில் லொகேட் கொடுத்து விளக்கு மின்னுவதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

சனிக்கிழமை முடிந்த பிறகு இந்த சர்வரை என்ன செய்வது? நான்கு டிஸ்கும் ஒரே நாளில் வாங்கி, ஒரே சூட்டில் ஒரே பஞ்சைத் தின்று வளர்ந்தவை. ஒன்றுக்கு மட்டும் வயசாகியிருக்காது. பழையது மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றை மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதே பெட்டிதான் என்று ஓனர் நின்றால், நான்கையும் கழற்றிவிட்டு இரண்டு புது டிஸ்க் போட்டு ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே டேட்டா) ஆக்குங்கள், உங்கள் டேட்டாவுக்கு அது போதும். இன்னும் பழைய, எல்எஸ்ஐ 1078 சிப் போட்ட கார்டாக இருந்தால் 2 டெராபைட்டுக்கு மேல் தெரியாது என்பதை வாங்கும்போது நினைவில் வையுங்கள். கார்டின் பேட்டரியையும் பாருங்கள், உப்பியிருக்கும், பேட்டரி செத்தால் கார்டு எழுதுவதைத் தாமதமில்லாமல் நேரே டிஸ்குக்கே அனுப்பும், நீங்கள் சொன்ன ஆமை வேகத்தில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும். என்னைக் கேட்டால் புதுசாக ஒரு சின்ன சர்வர் வாங்கிவிட்டு, இதைத் தினமும் ராத்திரி பேக்கப் எடுக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை கழற்றிய அந்த முதல் டிஸ்க் எங்கே? கடைக்காரரிடம் கொடுத்திருந்தால் இப்போதே போன் போட்டுத் திரும்ப வாங்குங்கள். அது முழுக்கச் செத்திருக்காது, கார்டு சில பிழைகளைப் பார்த்துத் தள்ளி வைத்திருக்கும். உங்களுக்கு 37-இல் கிடைக்காத அந்த வரி, அந்த டிஸ்கில் நன்றாகவே படியலாம், செவ்வாய்க்குப் பிறகு மாறாத பழைய ஃபைல் என்றால் அதிலிருந்து மீட்டுவிடலாம். மார்க்கரால் ஸ்லாட் எண்ணும் தேதியும் எழுதி, உறையில் போட்டு, பீரோவில் வையுங்கள். லாகைச் சேமித்ததும் அந்த 3/11/00 வரியையும் மேலே கீழே பத்து வரியையும் அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேனுங்க.